புது பெட்ரோல் பம்பும் ராமையா கங்காணியும்

போன மாசம் ஒரு சனிக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. காருக்குப் புது பெட்ரோல் பம்ப் மாட்டணும்.

பழசக் கழட்டணும், புதுச மாட்டணும், பின் சீட்ட மூடணும். அவ்வளவுதான். பகல் சோத்துக்கு முன்னால முடிச்சிட்டு மஸ்கெலியா பக்கம் கிளம்பிறலாம்னு கணக்குப் போட்டேன். நான் போட்ட கணக்கு என்னைக்கு சரியா வந்திருக்கு?

என் காரத் தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். சின்ன ஜப்பான் காரு. கிட்டத்தட்ட என் வயசு. ஆனா உள்ள இருக்கிறது டர்போ! கம்பெனி குடுத்த சின்ன டர்போவக் கழட்டிப் போட்டுட்டு, பெருசா ஒண்ணு தேடி வாங்கி மாட்டியிருக்கேன். ஹட்டன் டவுன்ல போன் ரிப்பேர் கடை வச்சிருக்கேன். அங்க சம்பாதிக்கிறத எல்லாம் இது தின்னுரும். கியர் மாத்தறப்ப 'ப்ஷ்ஷ்ஷ்'னு ஒரு சத்தம் வரும் பாருங்க, அதக் கேட்டா எனக்குப் பசியே எடுக்காது.

குறைன்னு பார்த்தா ஒண்ணே ஒண்ணுதான். மேடு ஏறாது.

சிரிக்காதீங்க. சமதரையில விட்டா பறக்கும். ஆனா எங்க ஊர்ல சமதரைக்கு எங்க போறது? பஸ் ஸ்டாண்டுல கொஞ்சம் இருக்கு, அதுலயும் பஸ்ஸ நிப்பாட்டி வச்சிருக்காங்க.

விஷயம் என்னன்னா, பெரிய டர்போவுக்கு நிறைய பெட்ரோல் வேணும். பழைய பம்ப் சின்னது, அதால அவ்வளவு அனுப்ப முடியல. மேட்டுல அழுத்தி மிதிச்சா காரு ரெண்டு இருமு இருமும். அப்புறம் படுத்துரும்.

அப்படித்தான் அதுக்கு முந்தின வாரம் ராமையா கங்காணிய ஏத்திக்கிட்டுப் போறப்ப படுத்துருச்சு.

ராமையா கங்காணின்னா யாரு? நான் கட்டிக்க ஆசைப்படுற சுகந்தியோட அப்பா. மஸ்கெலியா பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துல கொழுந்து எடுக்கிற பொம்பளைங்களுக்கு மேல கங்காணி. மலையில அவரு குடைய ஊன்றி நின்னாருன்னா காக்கா கூட நேரா பறக்கும். அந்த மனுசன் வெள்ளை வேட்டியோட இறங்கி என் காரத் தள்ளினாரு. மேல மலையில இருந்து அவரு கையில வேலை செய்யிற அத்தனை பொம்பளைங்களும் பார்த்துச் சிரிச்சாங்க. ஒரு அக்கா, "இன்னும் கொஞ்சம் அழுத்தித் தள்ளுங்க கங்காணி!"ன்னு அவரு சொல்ற மாதிரியே சொல்லிச்சு.

அன்னைக்கு ராத்திரியே சுகந்தி போன் போட்டா.

"அப்பா ஒரு முடிவு சொல்லிட்டாரு. கேட்டுட்டுக் கத்தாதீங்க."

"நான் எப்பக் கத்தினேன்?" கத்தினேன்.

"சனிக்கிழமை அவர மலையில வந்து ஏத்திக்கிட்டு மேல கோயிலுக்குப் போகணுமாம். காரு எங்கயும் நிக்காம ஏறிருச்சுன்னா, ஐயருகிட்ட பரிசத்துக்கு நாள் குறிப்பாராம்."

"நின்னுருச்சுன்னா?"

"கம்பளையில இருந்து ஒரு ஜாதகம் வந்திருக்கு. பேங்க்ல வேலையாம்."

"அவன்கிட்ட என்ன காரு இருக்கு?"

"காரே இல்லையாம். அதுதான் அப்பாவுக்கு ரொம்பப் புடிச்சிருக்கு."

இப்பப் புரியுதுங்களா? எனக்கு வேண்டியது பெட்ரோல் பம்ப் இல்ல, பொண்டாட்டி. பம்ப் இல்லாம பொண்டாட்டி கிடைக்காதுங்கிற நெலமை.

சனிக்கிழமை காலையிலேயே பக்கத்து வீட்டு சமன் அண்ணன் உதவிக்கு வந்தாரு. த்ரீவீல் மெக்கானிக். நல்ல மனுசன். சிங்களத்துல 'மல்லி', அதாவது தம்பின்னுதான் என்னக் கூப்பிடுவாரு. பின் சீட்டக் கழட்டினோம். அதுக்குக் கீழதான் டேங்கோட மூடி. அதத் தொறந்து எட்டிப் பார்த்துட்டு அவரு என்னப் பார்த்தாரு.

"மல்லி, டேங்க் ஃபுல்லா இருக்கே. பம்ப் மாத்துற நாள்ல யாராவது ஃபுல் டேங்க் அடிப்பாங்களா?"

நான் அடிச்சேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வர்ற வழியில பெட்ரோல் ஷெட்டுல ஒரு வண்டி கூட இல்ல. தட்டுப்பாட்டு நேரத்துல நாள் கணக்கா ஷெட் வாசல்ல தூங்கின ஆளுங்க நாங்க. வரிசை இல்லாத ஷெட்டக் கண்டா கை தானாத் திரும்பும். பம்ப் மாத்தணுங்கிறது மண்டையில இருந்துச்சு. ஆனா கைக்குத் தெரியலையே!

வேற வழியில்லாம வீட்டு வாசல்ல கேன்கள வரிசையா வச்சு, டியூப் போட்டு பெட்ரோல இறக்க ஆரம்பிச்சோம்.

ரோட்டுல போன த்ரீவீல் ஒண்ணு நின்னுச்சு. டிரைவர் தலைய நீட்டினாரு.

"என்ன தம்பி, திரும்பவும் தட்டுப்பாடா?"

"இல்லண்ணே, பம்ப் மாத்துறேன்."

"சரி சரி, வெளிய சொல்ல வேணாம். எனக்கு மட்டும் சொல்லுங்க, திங்கக்கிழமையில இருந்தா?"

"இல்லண்ணே! பம்ப்!"

அவரு ஒத்துக்கிட்ட மாதிரி தலைய ஆட்டிட்டு வண்டிய ஓரமா நிப்பாட்டினாரு. அவருக்குப் பின்னால இன்னொரு த்ரீவீல். அதுக்குப் பின்னால ஒரு பைக். எதிர் வீட்டு அம்மா போத்தலோட வந்து, "மண்ணெண்ணெயும் குடுக்கிறாங்களா?"ன்னு கேட்டாங்க. பைக்ல வந்த பையன் போன நீட்டி, "பங்கீட்டு கியூஆர் கோட் இதுல இருக்கு"ங்கிறான்.

எனக்குக் கோவம் தலைக்கு ஏறிருச்சு. "இங்க யாருக்கும் பெட்ரோல் இல்ல! எல்லாரும் போங்க!"ன்னு கத்தினேன்.

அதுதான் நான் செஞ்ச பெரிய முட்டாள்தனம். எங்க ஊர்ல 'பெட்ரோல் இல்ல'ன்னு கத்தினா யாராவது போவாங்களா? வரிசை ரெண்டு மடங்காயிருச்சு.

உதவிக்கு சமன் அண்ணனத் தேடுறேன், ஆளக் காணோம். பார்த்தா, கையில ஒரு காலி கேனோட அவரும் வரிசையில நிக்கிறாரு!

"அண்ணே, நீங்க ஏண்ணே அங்க?"

அவரே கேனப் பார்த்தாரு. வெக்கமா சிரிச்சாரு. "பழக்கம் மல்லி."

எல்லாருக்கும் விளக்கம் சொல்லி அனுப்பி முடிக்கிறதுக்குள்ள காலை நேரம் போயிருச்சு. அதுக்கப்புறம் எல்லாமே அவசரம். புது பம்ப் பெருசு. சத்தத்த அடக்க அதச் சுத்தி ஒரு ரப்பர் உறை போடணும். அது இடத்துல அடங்கல.

"ரப்பர் இல்லாம போட்டா கத்தும் மல்லி."

"கத்தட்டும்ண்ணே. டர்போ காரு பின்ன முணுமுணுக்கவா செய்யும்?"

வயரிங்கும் அப்படித்தான். ஒழுங்கான கார்ல சாவியத் திருப்பினா பம்ப் கொஞ்ச நேரம் ஓடிட்டு நின்னுரும், எஞ்சின் எடுத்தாத்தான் திரும்ப ஓடும். நான் அவசரத்துல பேட்டரியில இருந்து நேரா இழுத்துட்டேன். சாவி திரும்பி இருக்கிற வரைக்கும் பம்ப் ஓடிக்கிட்டே இருக்கும். டேங்க் மேல தகர மூடிய வச்சு ஸ்க்ரூவ முறுக்கினோம். பின் சீட்ட மாட்ட நேரம் இல்ல. கங்காணி முன்னாலதானே உக்காரப் போறாருன்னு அத வீட்டு விறாந்தையிலயே போட்டுட்டேன்.

சாவியத் திருப்பினேன்.

'ஙொய்ய்ய்ய்ய்ங்!'

அந்தத் தகர மூடிக்குக் கீழ இருந்து வந்த சத்தத்துல சமன் அண்ணன் ரெண்டு அடி பின்னால போனாரு. எனக்கோ கண்ணுல தண்ணி வராத குறை. என்ன ஒரு பவரு! கிளம்பினேன். நோர்வூட் மேட்ட காரு இருமாம ஏறிச்சு. நான் பாட்டுப் பாடிக்கிட்டே போனேன்.

தோட்டத்துக்குப் போனப்ப நல்ல பனி. பத்தடிக்கு முன்னால இருக்கிறது தெரியல. "மேல் ரோட்டு வளைவுல நில்லுங்க, கொழுந்து நிறுத்து முடிஞ்சதும் நானே ஏறி வர்றேன்"னு மாமா சொல்லியிருந்தாரு. மாமான்னு நான்தான் சொல்லிக்கிறேன். நேர்ல அப்படிக் கூப்பிட்டா அவருக்குக் காது கேக்காது.

வளைவுல நிப்பாட்டினேன். ரோட்டுக்குக் கீழ கொழுந்து மலை. பனிக்குள்ள பொம்பளைங்க பேசுற சத்தம் மட்டும் கேக்குது. என் காரு உறுமுறது மாமாவுக்குப் புடிக்காதேன்னு மரியாதையா எஞ்சின நிப்பாட்டினேன். சாவிய எடுக்கல. பனிக்கு லைட் எரியட்டும், போனும் சார்ஜ் ஏறட்டும்னு விட்டுட்டேன்.

சுகந்திக்குப் போன் போட்டேன்.

"வந்துட்டேன்! ஒரு இடத்துல கூட நிக்கல!"

"பின்னால என்னங்க சத்தம்?"

"புது பம்ப்! கேளு, எப்படிப் பாடுது பாரு!" போன பின் சீட் இருந்த குழியில நீட்டி, அவளுக்குக் கொஞ்ச நேரம் கேக்க விட்டேன். எல்லாருக்கும் கேக்கட்டுமேன்னு கண்ணாடியையும் இறக்கி விட்டேன். அந்த அளவுக்குப் பெருமை.

அப்பத்தான் கீழ இருந்து ஒரு ஆம்பளைக் குரல்.

"குளவீஈஈ! குளவி கலைஞ்சிருச்சு! படுங்க! எல்லாரும் சாக்குப் படங்க மூடிக்கிட்டுப் படுங்க!"

இங்க ஒண்ணு சொல்லணும். எங்க மலையில குளவின்னா விளையாட்டு இல்ல. குளவி கொட்டி ஆஸ்பத்திரியில கிடந்தவங்க இல்லாத தோட்டமே கிடையாது. நான் தோட்டத்து லயத்து வரிசை வீட்டுல பொறந்து வளர்ந்தவன். அந்த வார்த்தையக் கேட்டா கடைக்காரன், டர்போக்காரன் எல்லாம் போயிரும். ஒண்ணாங்கிளாஸ்ல படிச்ச பயம் மட்டும்தான் மிஞ்சும்.

"என்னங்க? என்ன ஆச்சு?"ன்னு சுகந்தி கேக்குறா.

"குளவி! போன வை!"

கண்ணாடிய ஏத்தினேன். கதவப் பூட்டினேன். மூச்சப் புடிச்சுக்கிட்டு கேட்டேன்.

'ஙொய்ய்ய்ய்ய்ங்!'

சத்தம் குறையல! கண்ணாடிய ஏத்தினதும் இன்னும் கூடிருச்சு! திரும்பிப் பார்த்தேன். பின் சீட் இருந்த இடத்துல இருந்துதான் வருது!

காலை முழுக்க முதுகு ஒடிய அந்தச் சத்தத்த மாட்டினவன் நான். அஞ்சு நிமிசத்துக்கு முன்னால அத வருங்காலப் பொண்டாட்டிக்குப் போன்ல கேக்க வச்சவனும் நான். அந்த நேரத்துல என் மண்டையில வந்தது என்ன தெரியுமா?

'ஐயோ! கூடே காருக்குள்ளதான் இருக்கு!'

கதவத் தொறந்தேன், குதிச்சேன், ஓடினேன். கதவ மூடல. தேயிலைச் செடிக்கு நடுவுல கண்ணு மண்ணு தெரியாம இறங்கினேன். ரெண்டு தடவை விழுந்தேன். மூணாவது தடவை விழுந்தவன் எந்திரிக்கல, உருண்டேன். உருண்டு போய் கொழுந்து கொட்டுறதுக்கு விரிச்சிருந்த பெரிய படங்குல முட்டினேன். அது நடுவுல மேடா இருந்துச்சு. யாரோ உள்ள படுத்திருக்காங்க. யாரா இருந்தா என்ன? தூக்கிக்கிட்டு உள்ள பூந்துட்டேன்.

உள்ள இருட்டு. பச்சைக் கொழுந்து வாசம். வெத்தலை வாசம்.

"யாருடா அது?"

செத்தேன். ராமையா கங்காணி.

"நான்தாங்க. ரவி."

"ரவியா? நீங்க மேல கார்லதானே இருந்தீங்க?"

"ஆமாங்க."

"கண்ணாடிய ஏத்திட்டு உள்ளேயே இருந்திருக்கலாமே! அத விட்டுட்டு ஏன் இங்க இறங்கி வந்தீங்க?"

குளவி காருக்குள்ள இருக்குதுன்னு சொல்ல வாயத் தொறந்தேன். அதுக்குள்ள அவரே ஒரு முடிவுக்கு வந்துட்டாரு.

"எனக்காகவா ஓடி வந்தீங்க?"

மனச்சாட்சி உள்ளவன் அந்த இடத்துல உண்மையச் சொல்லியிருப்பான். நானும் மனச்சாட்சி உள்ளவன்தான். ஆனா கம்பளை ஜாதகம் ஞாபகம் வந்துருச்சு.

"நீங்க தனியா மாட்டிக்கிட்டீங்களோன்னு..."

அவரு இருட்டுல என் கையத் தேடிப் புடிச்சாரு. அப்புறம் அவரு குரல் கம்மிருச்சு.

"கம்பளைக்காரனா இருந்தா கண்ணாடிய ஏத்திட்டு உள்ளேயே இருந்திருப்பான்."

"ஆமாங்க, இருந்திருப்பான்."

"காரு மேடு ஏறுதோ இல்லையோ, அத விடுங்க. மனுசன்தான் முக்கியம். பொண்ணு உங்களுக்குத்தான் மாப்பிள்ளை."

மாப்பிள்ளை! முதல் தடவையா சொன்னாரு! அழுகையே வந்துருச்சு. அதே நேரத்துல என் கால்ல ஒரு அட்டை ஏறுது. ஆட முடியல. அழவும் முடியல, சொறியவும் முடியல.

"ரொம்ப சந்தோசம் மாமா"ன்னேன். இந்தத் தடவை காது கேட்டுச்சு.

பக்கத்துச் செடிக்கு அடியில இருந்து ஒரு குரல் வந்துச்சு. அன்னைக்கு 'அழுத்தித் தள்ளுங்க'ன்னு சொன்ன அதே பாக்கியம் அக்கா.

"கங்காணி, கல்யாணப் பேச்ச அப்புறமா வச்சுக்கங்க! பேச்சு சத்தத்துக்கு குளவி வந்துரப் போகுது!"

வாய மூடிக்கிட்டுக் கிடந்தோம். நேரம் போகப் போக சத்தம் இறங்கிச்சு. 'ஙொய்ய்ய்' 'ஙொய்' ஆச்சு. 'ஙொய்' 'ங்' ஆச்சு.

"கூட்டம் நகருது"ன்னு மாமா காதுல சொன்னாரு. "நான் எத்தனையோ குளவி பார்த்திருக்கேன் மாப்பிள்ளை. இது பெரிய மலைக் குளவி. கிழக்கால போகுது."

கடைசியில சத்தம் சுத்தமா நின்னுருச்சு. மாமா முதல்ல எந்திரிச்சு நாலு பக்கமும் பார்த்துட்டு, "போயிருச்சு!"ன்னாரு. மலை முழுக்கப் படங்கு படங்கா ஆளுங்க எந்திரிச்சாங்க. பாதிப் பேரு முனியாண்டியக் கும்பிட்டாங்க.

அதுக்குள்ள யாரோ சொல்லி, கங்காணிக்கு மேல அதிகாரியான கண்டாக்கு ஐயா பைக்ல வந்து சேர்ந்துட்டாரு.

"எத்தனை பேருக்குக் கொட்டிச்சு ராமையா?"

"ஒருத்தருக்கும் இல்லீங்கய்யா."

"என்னது? பெரிய கூட்டம்னாங்க, ஒருத்தருக்குக் கூடவா கொட்டல?"

மாமாவுக்கு முகம் சிறுத்துருச்சு. அதப் பார்த்துட்டு பாக்கியம் அக்கா முன்னால வந்துச்சு. "எனக்குக் கொட்டிச்சுங்கய்யா!"ன்னு கால நீட்டிச்சு.

ஐயா குனிஞ்சு பார்த்தாரு. "இது அட்டை."

"அது அப்புறம் வந்து கடிச்சதுங்கய்யா."

ஐயா பெருமூச்சு விட்டாரு. மாமா என் தோள்ல கையப் போட்டு முன்னால தள்ளினாரு. "என் மருமகப்புள்ளைங்கய்யா. குளவிக்கு நடுவுல எனக்காக ஓடி வந்த புள்ள!" பொம்பளைங்க எல்லாம் 'ஆத்தாடி'ன்னாங்க. ஐயா எனக்குக் கை குடுத்தாரு. நான் தலையக் குனிஞ்சுக்கிட்டேன். அடக்கம்னு நினைச்சிருப்பாங்க. அட்டையத்தான் பார்த்தேன்.

எல்லாருமா மேல ஏறி காருக்கிட்ட போனோம். கதவு ஆன்னு தொறந்து கிடக்கு. லைட் எரியல. உள்ள உக்காந்தேன். சாவி திரும்பினபடியே இருக்கு. ஸ்டார்ட் பண்ணினேன். 'டிக்'. அவ்வளவுதான்.

பேட்டரி செத்துருச்சு.

ஏன் செத்துச்சு? லைட் எரிஞ்சது, சரி. வேற என்ன ஓடிச்சு? யோசிச்சேன். மெதுவா பின்னால திரும்பி அந்தத் தகர மூடியப் பார்த்தேன். பேட்டரி செத்ததும் குளவி கிழக்கால போனதும் ஒரே நேரம்.

சத்தமில்லாம சாவியத் திருப்பி அணைச்சேன்.

"என்ன மாப்பிள்ளை, எடுக்கலையா?"

"இல்ல மாமா, பேட்டரி... நான் பஸ்ல போயிர்றேனே?"

"உசுரக் குடுக்க வந்த புள்ள பஸ்ல போறதா? ஏய், எல்லாரும் வாங்க, தள்ளுங்க!"

மாமா ராஜா மாதிரி முன் சீட்டுல ஏறி உக்காந்து குடைய மடியில வச்சுக்கிட்டாரு. பின்னால அத்தனை பேரும் கை வச்சுட்டாங்க. கண்டாக்கு ஐயாவும் தொப்பியக் கழட்டி வச்சிட்டுக் கை வச்சாரு. முன்னால இறக்கம். தள்ளி ஸ்டார்ட் பண்ணலாம். ஆனா சாவியத் திருப்பணும். சாவியத் திருப்பினா என்ன ஆகும்னு அந்த மலையில எனக்கு ஒருத்தனுக்குத்தான் தெரியும்.

பேட்டரியில ஒட்டியிருக்கிற உசுராவது மிஞ்சட்டும்னு லைட்டையும் அணைச்சேன். காரு உருண்டுச்சு. வேகம் புடிச்சுச்சு. கடைசி நேரம் வரைக்கும் சாவியத் தொடல. முனியாண்டிகிட்ட ஒரு சேவலுக்கு ஒத்துக்கிட்டு, கண்ண மூடித் திருப்பினேன்.

'ஙொய்ய்ங்!'

"குளவீஈஈ!"

கண்ணாடியில பார்த்தேன். பின்னால ரோட்டுல ஒருத்தரும் நிக்கல. எல்லாரும் குப்புறப் படுத்தாச்சு. கண்டாக்கு ஐயா தொப்பியத் தேடி எடுத்துத் தலையில கவுத்துக்கிட்டுப் படுத்திருக்காரு. கிளட்ச விட்டேன், எஞ்சின் புடிச்சுச்சு. 'ப்ஷ்ஷ்ஷ்!'

மாமா படுக்கல. சீட்டுல எங்க படுக்கிறது? குடைய விரிக்கப் பார்த்தாரு, முடியல. அப்புறம் மெதுவாத் திரும்பிப் பின்னால பார்த்தாரு. சீட் இல்லாத குழி. தகர மூடி. கைய நீட்டி மூடிய அமுக்கினாரு. சத்தம் குறைஞ்சுச்சு. கைய எடுத்தாரு. கூடிச்சு. திரும்பவும் அமுக்கினாரு. எடுத்தாரு.

"மாப்பிள்ளை."

"மாமா."

"இதுவா?"

"புது பம்ப், மாமா. மேடு ஏறுறதுக்கு."

"நீங்க எனக்காக ஓடி வந்தது?"

"நானும் குளவின்னு நினைச்சுத்தான் ஓடி வந்தேன், மாமா. கார்ல இருந்து."

எனக்குக் கண்ணு முன்னால கம்பளை பேங்க்காரன் மாலையோட நிக்கிறான். சுகந்தி அவன் பக்கத்துல நிக்கிறா.

"வண்டிய நிப்பாட்டட்டுங்களா மாமா? திரும்பிப் போய் எல்லார்கிட்டயும் உண்மையச் சொல்லி..."

மாமா பின் கண்ணாடிய ஒரு தடவை பார்த்தாரு. ரோட்டுல ஒவ்வொருத்தரா தலையத் தூக்கிப் பார்க்கிறாங்க.

"என்னன்னு சொல்றது? குளவின்னு முதல்ல கத்தினது யாரு?"

"நீங்க."

"கிழக்கால போகுதுன்னது?"

"நீங்கதான் மாமா."

"அப்ப நிக்காம போங்க."

நிக்கல. கோயில் மேட்டுல காரு ஏறின ஏத்தம் இருக்கே! ஒரு இருமல் இல்ல, ஒரு திணறல் இல்ல. மேல போய்ச் சேர்ந்ததும் நிப்பாட்ட முடியாதே, நிப்பாட்டினா திரும்ப எடுக்காது. எஞ்சின ஓட விட்டுட்டு நான் கார்லயே உக்காந்திருந்தேன். மாமா மட்டும் உள்ள போனாரு.

ஐயரு வெளிய எட்டிப் பார்த்தாரு. "அது என்னங்க ராமையா, வெளிய ஒரே சத்தம்?"

"மாப்பிள்ளைங்க சாமி."

நாள் குறிச்சாச்சு! அடுத்த வளர்பிறையில பரிசம்!

ராத்திரி சுகந்தி போன் போட்டா. தோட்டம் முழுக்க ஒரே பேச்சாம். கங்காணியும் மருமகனும் போன கார குளவிக் கூட்டம் கோயில் வரைக்கும் துரத்திக்கிட்டுப் போச்சாம். கண்டாக்கு ஐயாவே கண்ணால பார்த்தாராம். சொல்லிட்டு அவ சிரிக்கிறா, சிரிக்கிறா, நிப்பாட்டவே இல்ல.

"ஏன் சிரிக்கிற?"

"எனக்குத்தான் நீங்க போன்ல பாடிக் காட்டினீங்களே!"

அப்புறம் அவ அப்பா போன வாங்கினாரு.

"மாப்பிள்ளை, நான் சொன்ன சொல்லு மாற மாட்டேன். காரும் ஏறிருச்சு. ஆனா பரிசத்துக்கு நீங்க பஸ்லதான் வரணும்."

"ஏன் மாமா? காருதான் இப்ப நல்லா..."

"அந்தச் சத்தத்தோட நீங்க லயத்துக்குள்ள வந்தா சனம் முழுக்கப் படுத்துரும். ஆரத்தி எடுக்க ஆளு வேணாமா?"

நியாயம்தானே? ஒத்துக்கிட்டேன். நேத்துத்தான் பரிசம். தட்டு, பழம், பட்டு வேட்டி, சொந்தபந்தம் எல்லாத்தோடயும் ஹட்டன்ல பஸ் ஏறினோம்.

நோர்வூட் தாண்டி மேட்டுல பஸ் நின்னுருச்சு.

எல்லாரும் இறங்கித் தள்ளினோம். டிரைவர் குனிஞ்சு பார்த்துட்டு, பட்டு வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு நின்ன என்கிட்ட வந்து சொன்னாரு: "பம்ப் வீக்கு, தம்பி."